படுக்கைக்கும் நடைக்கும் இடையில்: நாற்காலி ஒரு சிகிச்சைக் கருவியான வரலாறு

நோயினாலோ அறுவை சிகிச்சையினாலோ முதுமையினாலோ நடமாட்டம் குறைந்துபோன ஒருவரை நாற்காலியில் அமர்த்தி, கணுக்காலை மேலும் கீழும் அசைக்கச் செய்து, முழங்காலை நீட்டி மடக்க வைத்து, தோள்களைச் சுழற்றச் சொல்லி, பிறகு கைப்பிடியைப் பற்றிக்கொண்டு எழுந்து உட்காரப் பழக்கும் முறை இன்று இயன்முறை மருத்துவத்தில் அன்றாடம் கையாளப்படுகிறது. பார்வைக்கு மிக எளியதாகத் தோன்றும் இந்தப் பயிற்சி மருத்துவ உலகின் ஏற்பைப் பெற நெடுங்காலம் பிடித்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலும், மாரடைப்புக்கு உள்ளானவரைப் படுக்கையிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பதே அவருடைய உயிரோடு விளையாடும் செயலாகக் கருதப்பட்டது. முழு ஓய்வுக்கும் முழு உழைப்புக்கும் நடுவே அளந்து ஏறத்தக்க படிகள் உண்டு என்பதை மருத்துவர்கள் மெல்ல மெல்லக் கண்டுகொண்டதே இப்பயிற்சியின் வரலாறு. அந்தப் படிகளில் முதலாவதாக அமைந்த பெருமை நாற்காலிக்கு உரியது.

வில் வைத்த இருக்கை

அமர்ந்த நிலையிலேயே உடலுக்குப் பயிற்சி தரலாம் என்ற எண்ணம் பழமையானது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குதிரைச் சவாரி நோய் தீர்க்கும் பயிற்சிகளுள் தலையாயதாக மதிக்கப்பட்டது. 1705-இல் உடற்பயிற்சியின் மருத்துவப் பயனைப் பற்றி நூல் எழுதிய பிரான்சிஸ் புல்லர் சவாரியைப் பெரிதும் போற்றினார். ஆனால் நலிவுற்றவர்களும் உடல் பருத்தவர்களும் மழைக்காலத்தில் வீட்டுக்குள் அடைபட்டவர்களும் குதிரையேற முடியாது என்பதால், அவர்களுக்காகத் தச்சர்கள் ஓர் இருக்கையைச் செய்து விற்றனர். அறைக்குள் வைத்துக்கொள்ளும் குதிரை என்ற பொருள்படும் பெயரால் வழங்கிய அது, உண்மையில் கைப்பிடிகள் பொருத்திய ஒரு நாற்காலியே ஆகும்.

தாமஸ் ஷெரட்டன் என்னும் புகழ்பெற்ற மரச்சாமான் வடிவமைப்பாளர் 1790-களில் வெளியிட்ட வரைபட நூலில் இதன் உள்ளமைப்பைக் காட்டியிருக்கிறார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மரப்பலகைகள், அவற்றின் இடையிடையே வலுவான கம்பிச் சுருள்வில்கள், அனைத்தையும் சுற்றி மூடிய மடிப்பு மடிப்பான தோல் என்று அந்த இருக்கை கொல்லன் துருத்தியின் தோற்றத்தில் உயரமாக அமைந்திருக்கும். அதன்மேல் அமர்பவர் கைப்பிடிகளைப் பற்றிக்கொண்டு கால்களை ஊன்றி எம்பினால், வில்கள் அமுங்கி மீண்டும் மேலெழும்ப, சவாரியில் கிடைக்கும் குலுக்கல் ஓரளவு அறைக்குள்ளேயே கிட்டிவிடும். பாத் நகரத்து மருத்துவர் ஜார்ஜ் செய்ன், தம்மிடம் கடிதவழி ஆலோசனை பெற்றுவந்த நாவலாசிரியர் சாமுவேல் ரிச்சர்ட்சனுக்கு இதைப் பரிந்துரைத்தார். மெதடிஸ்ட் இயக்கத்தின் நிறுவனர் ஜான் வெஸ்லி வைத்திருந்த இத்தகைய நாற்காலி ஒன்று லண்டன் சிட்டி ரோட்டில் உள்ள அவரது இல்லத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

செய்னும் அவர் காலத்தவரும் கொண்டிருந்த உடலியல் கோட்பாடுகள் பின்னாளில் கைவிடப்பட்டன. எனினும், எழுந்து நடமாட இயலாதவருக்கும் இயக்கம் தேவை, அதை அவர் தாங்கும் அளவில் அவர் இருக்கும் இடத்திலேயே தரலாம் என்ற அவர்களுடைய அடிப்படைக் கருத்தில் பிழையில்லை. மார்பு நெரிப்பு நோயை முதன்முதலில் தெளிவாக விவரித்த வில்லியம் ஹெபர்டனும் இதே திசையில் ஒரு குறிப்பை விட்டுச் சென்றார். அந்நோயால் வருந்திய ஒருவர் நாள்தோறும் அரைமணி நேரம் மரம் அறுத்ததனால் ஏறக்குறைய குணமடைந்தார் என்பது, ஹெபர்டனின் மறைவுக்குப் பின் 1802-இல் வெளிவந்த அவரது நூலில் காணப்படும் செய்தி. அடுத்து வந்த நூற்றாண்டில் அந்தக் குறிப்பைப் பின்பற்றிச் சென்றவர் சிலரே.

ஓய்வின் ஆட்சி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓய்வு ஒரு சிகிச்சைத் தத்துவமாகவே வளர்ந்தது. லண்டன் கைஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஜான் ஹில்டன் 1860 முதல் 1862 வரை ஆற்றிய சொற்பொழிவுகளில், காயமுற்ற உறுப்பை அசையாமல் வைத்திருப்பதே இயற்கை தன் பழுதைத் தானே சரிசெய்துகொள்ள வழிவிடும் என்று வலியுறுத்தினார். எலும்பு முறிவுக்கும் மூட்டு அழற்சிக்கும் நன்கு பொருந்திய இந்தக் கொள்கை காலப்போக்கில் எல்லா நோய்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. அமெரிக்காவில் சைலஸ் வெயர் மிட்செல் என்னும் நரம்பியல் மருத்துவர், மனத்தளர்ச்சியுற்ற பெண்களை வாரக்கணக்கில் படுக்கையில் வைத்து, தாமாக உண்பதற்குக்கூட இடம் தராத ஓய்வுச் சிகிச்சையை 1870-களில் பரப்பினார். பிரசவித்தவர், அறுவை சிகிச்சை பெற்றவர், காய்ச்சலுற்றவர் என எவருக்கும் முதல் மருந்து படுக்கை என்றாயிற்று.

மாரடைப்பு நோய்க்கு இந்தக் கொள்கை வந்து சேர்ந்தபோது அதன் பிடி மேலும் இறுகியது. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபட்டு, அந்தத் தசையின் ஒரு பகுதி இறந்துபோவதே மாரடைப்பு. சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் 1912-இல் இதன் அறிகுறிகளை விளக்கி, அடைப்பு ஏற்பட்ட பிறகும் நோயாளி உயிர்பிழைக்க முடியும் என்று காட்டியபோது, அவர் கூறிய சிகிச்சையில் முழு ஓய்வே முதன்மையான இடம் பெற்றிருந்தது. 1939-இல் கென்னத் மாலரி, பால் டட்லி ஒயிட், சல்சேடோ சல்கார் ஆகிய மூவரும் மாரடைப்பில் இறந்தவர்களின் இதயங்களை ஆராய்ந்து, இறந்த தசை உறுதியான தழும்பாக மாறுவதற்குப் பல வாரங்களும், பாதிப்பு பெரிதாயின் இரண்டு மாதங்கள் வரையும் ஆகும் என்று கண்டறிந்தனர்.

தழும்பு உறுதிப்படும்வரை இதயச் சுவர் மெலிந்திருக்கும், அக்காலத்தில் உடலுக்குச் சிறு உழைப்பு நேர்ந்தாலும் அது கிழிந்துவிடலாம் என்ற அச்சம் இந்த ஆய்வினால் வலுப்பெற்றது. விளைவாக, மாரடைப்பு வந்தவர் ஆறு வாரங்களுக்குக் குறையாமல் மல்லாந்து கிடக்க வேண்டும் என்பது பெரும்பாலான மருத்துவமனைகளின் விதியாயிற்று. அவருக்குச் செவிலியர் உணவு ஊட்டினர், முகம் மழித்துவிட்டனர், புரண்டு படுப்பதற்கும் கைகொடுத்தனர். வீடு திரும்பிய பிறகும் மாடிப்படி ஏறுவது மாதக்கணக்கில் விலக்கப்பட்டது. பலர் தம் வேலைக்குத் திரும்பவே இல்லை. நாற்பது வயதுக்காரரும் எஞ்சிய வாழ்நாளை ஊனமுற்றவராகவே கழிக்க நேர்ந்தது. ஆய்வு கூறியது புண் ஆறுவதற்கு ஆகும் காலத்தை மட்டுமே. அந்தக் காலம் முழுவதும் உடல் அசைவற்றுக் கிடப்பதால் நன்மை உண்டா என்பதை அது சோதிக்கவில்லை. அவ்விரண்டும் ஒன்றாகக் கருதப்பட்டதே அன்றைய மருத்துவத்தின் பெரும் பிழையாகும்.

படுக்கையின் தீமைகள்

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மருத்துவமனைப் படுக்கைகளும் பணியாளர்களும் பற்றாமற்போன நெருக்கடி, நோயாளிகளைச் சீக்கிரம் எழுப்பிவிடும் கட்டாயத்தை உண்டாக்கியது. அறுவை சிகிச்சைக்கு உட்பட்டவர்கள் ஓரிரு நாட்களிலேயே எழுந்து நடந்தபோது, அஞ்சியவாறு தையல்கள் பிரியவில்லை. மாறாக, நுரையீரல் தொற்றும் கால்களில் ரத்தம் உறைவதும் குறைந்ததாக மருத்துவர்கள் எழுதத் தொடங்கினர். 1944-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் வில்லியம் டாக் என்னும் மருத்துவர் முழுப் படுக்கை ஓய்வின் தீய விளைவுகளைத் தொகுத்துக் கட்டுரை எழுதினார். அதே ஆண்டில் அதே இதழில் பாஸ்டன் மருத்துவர் சாமுவேல் லெவைன், இதய நோயாளிகளை மல்லாந்து படுக்க வைப்பதால் நேரும் கேடுகளைப் பற்றி எழுதினார். 1947-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ரிச்சர்ட் ஆஷர், நுரையீரல், ரத்தக் குழாய், தோல், தசை, எலும்பு, சிறுநீரகம், குடல், மனம் என ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, நீண்ட படுக்கை அவற்றை எவ்வாறு கெடுக்கிறது என்பதை விளக்கினார்.

இந்த விவாதத்தில் எளிய, ஆனால் மிகவும் உறுதியான சான்று ஒன்று கழிப்பறைத் தேவையிலிருந்து கிடைத்தது. படுக்கையில் கிடப்பவர் மலம் கழிப்பதற்கு உடலுக்கு அடியில் பெட்பேன் வைப்பது வழக்கம். இடுப்பைத் தூக்கி அதன்மேல் தாங்கி, மூச்சை அடக்கி முக்க வேண்டியிருப்பதால் அது நோயாளிக்குக் கடும் சிரமம் தரும். 1950-இல் பென்டன், பிரவுன், ரஸ்க் ஆகியோர் பெட்பேனைப் பயன்படுத்தும்போதும், கட்டிலுக்கு அருகில் வைத்த கமோடு நாற்காலியில் இறங்கி அமரும்போதும் உடல் செலவிடும் ஆற்றலைத் தனித்தனியே அளந்து பார்த்தனர். பெட்பேனுக்கே கூடுதல் ஆற்றல் செலவாவது தெரியவந்தது. இதயத்துக்கு ஓய்வு தருவதாக எண்ணி விதிக்கப்பட்ட ஒரு கட்டுப்பாடு, இதயத்தின் சுமையை உண்மையில் கூட்டிக்கொண்டிருந்தது என்பதை இந்த அளவீடு ஐயத்துக்கு இடமின்றி எடுத்துக்காட்டியது.

பாஸ்டனின் கைவைத்த நாற்காலி

போலந்தில் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்கா வந்து சேர்ந்த லெவைன், பாஸ்டன் நகரின் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் நீண்ட காலம் பணியாற்றிய இதய மருத்துவர். 1929-லேயே மாரடைப்பைப் பற்றித் தனி நூல் எழுதியவர். நோயாளியின் அருகில் அமர்ந்து கூர்ந்து நோக்கும் பழக்கத்தால் பெயர் பெற்ற அவர், இதயம் பலவீனமடைந்தவர்கள் படுத்திருக்கையில் மூச்சுத் திணறி, தாமாகவே எழுந்து உட்கார்ந்து ஆறுதல் அடைவதைப் பலகாலும் கவனித்திருந்தார். அதற்கான காரணம் உடலின் ரத்த ஓட்டத்தில் உள்ளது. ஒருவர் படுத்திருக்கும்போது கால்களிலும் வயிற்றிலும் உள்ள ரத்தம் மார்பை நோக்கித் திரும்பி நுரையீரல்களை நிறைக்கிறது. கால்களைத் தொங்கவிட்டு அமரும்போது ரத்தத்தின் ஒரு பகுதி கீழே தங்கிவிடுவதால், இதயத்துக்குத் திரும்பி வரும் அளவு குறைந்து, அதன் பளு தணிகிறது. அவ்வாறாயின், மாரடைப்பு வந்த இதயத்துக்கு உண்மையான ஓய்வு தருவது கட்டிலைக் காட்டிலும் நாற்காலியே என்பது லெவைனின் முடிவு.

1950-ஐ ஒட்டி அவரிடம் பயிற்சி பெற வந்த இளம் மருத்துவர் பெர்னார்டு லவுன் இந்தக் கருத்தைச் செயலில் சோதிக்கும் பொறுப்பை ஏற்றார். லித்துவேனியாவில் 1921-இல் பிறந்து, 1935-இல் குடும்பத்துடன் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்த லவுன், பின்னாளில் மின்னதிர்ச்சியால் இதயத்தின் தாளத்தைச் சீர்ப்படுத்தும் நேர்மின்னோட்டக் கருவியை உருவாக்கியவர். அணு ஆயுதப் போரைத் தடுப்பதற்கான மருத்துவர்களின் பன்னாட்டு அமைப்பைச் சோவியத் மருத்துவர் யெவ்கெனி சாசோவுடன் சேர்ந்து நிறுவியவர். அந்த அமைப்புக்கு 1985-இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அத்தகைய பெருஞ்செயல்களுக்கெல்லாம் முன்னதாக அவர் மேற்கொண்ட பணி, நோயாளிகளைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதாக இருந்தது.

முறை எளிமையானது. அதிர்ச்சி நிலையிலோ கடும் வலியிலோ இல்லாத நோயாளியைத் தொடக்க நாட்களிலேயே உதவியாளர்கள் தூக்கி, கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் மெத்தென்ற கைவைத்த நாற்காலியில் அமர்த்துவார்கள். பாதங்கள் தரையில் படியும். முதுகுக்கும் கைகளுக்கும் தாங்கல் இருக்கும். முதலில் சிறிது நேரமாகத் தொடங்கும் அமர்வு, நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் முகக்குறிப்பையும் பார்த்து நாளுக்கு நாள் நீட்டப்படும். மருத்துவமனையின் இளநிலை மருத்துவர்களும் செவிலியரும் இதைக் கண்டு திகைத்து எதிர்த்தனர். இறக்கும் நிலையில் உள்ளவர்களை வதைக்கும் செயலாகவே அவர்களுக்கு இது பட்டது. ஆனால் நோயாளிகளிடம் மாற்றம் விரைவில் தெரிந்தது. உட்கார்ந்தவர்கள் தாமாக உணவு உண்டனர், பார்க்க வந்தவர்களிடம் கண்ணுக்குக் கண் நோக்கிப் பேசினர். மயக்க மருந்தும் வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டன. கட்டிலில் கிடப்பவருக்குச் சாவு அருகில் நிற்பதாகத் தோன்றும். நாற்காலியில் அமர்ந்தவருக்கோ வீடு திரும்பும் நாள் எண்ணத்துக்கு வரும்.

81 நோயாளிகளைப் பற்றிய இவர்களது அறிக்கை 1952-இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. பழைய முறையில் சிகிச்சை பெற்றவர்களின் ஒப்பீட்டுக் குழு ஒன்று அதில் இல்லாதது இன்றைய அளவுகோலில் ஒரு குறைதான். இருந்தபோதிலும், உட்காருவதால் இதயம் கிழிந்துவிடும் என்ற அச்சம் ஆதாரமற்றது என்பதைக் காட்டுவதற்கு அந்த எண்ணிக்கை போதுமானதாக இருந்தது. ஒரு தலைமுறை மருத்துவர்களின் மனத்தில் ஊறிப்போன அச்சத்தை அசைத்ததே அந்தக் கட்டுரையின் நிலைத்த பயன்.

அமர்வு அளவுகோலாகிறது

1955 செப்டம்பர் 24 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டுவைட் ஐசன்ஹோவர் டென்வர் நகரில் மாரடைப்புக்கு உள்ளானார். ஆலோசனைக்கு அழைக்கப்பட்டவர் பால் டட்லி ஒயிட். 1939-ஆம் ஆண்டின் தழும்பு ஆய்வில் பங்கேற்ற அதே மருத்துவர். அவர் செய்தியாளர்களிடம் நோயின் இயல்பையும் தேறுதலின் படிகளையும் வெளிப்படையாக விளக்கியது மக்களுக்கு ஒரு பொதுப்பாடமாகவே அமைந்தது. அக்டோபர் இறுதியில் மருத்துவமனையின் மேல்தளத்தில் சக்கர நாற்காலியில் அமர்ந்த தலைவரின் புகைப்படம் உலகெங்கும் வெளியாயிற்று. நவம்பர் 11-இல் அவர் மருத்துவமனையிலிருந்து வெளியேறினார். அடுத்த ஆண்டு மீண்டும் தேர்தலில் வென்றார். மாரடைப்புக்குப் பிறகு உழைக்கும் வாழ்வு உண்டு என்பதற்கு இதைவிடப் பெரிய விளம்பரம் தேவைப்படவில்லை.

1960-களில் அட்லாண்டாவின் கிரேடி நினைவு மருத்துவமனையில் நானெட் வெங்கர் என்னும் பெண் மருத்துவர், மாரடைப்பு நோயாளிகளை எழுப்பி நடக்க வைப்பதற்கு 14 படிகள் கொண்ட ஓர் ஒழுங்குமுறையை வகுத்தார். கைகால்களைப் பிறர் அசைத்துவிடுவதில் தொடங்கி, தாமாக உணவு உண்பது, கட்டில் விளிம்பில் கால் தொங்கவிட்டு உட்காருவது, நாற்காலியில் அமருவது, அறைக்குள் நடப்பது, இறுதியில் மாடிப்படி இறங்கி ஏறுவது என்று அது வளர்ந்தது. படிகளை வரிசைப்படுத்த மெட் என்ற அளவு பயன்பட்டது. அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல், ஒவ்வொரு கிலோ எடைக்கும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் செலவிடுகிறது. அந்தச் செலவே ஒரு மெட். மெதுவான நடை இரண்டு மெட், படியேறுதல் நான்கு மெட்டோ அதற்கு மேலோ என்று மற்ற எல்லாச் செயல்களும் உட்கார்ந்திருத்தலின் மடங்குகளாகக் கணிக்கப்படுகின்றன. உயிருக்கு ஆபத்தென்று விலக்கப்பட்டிருந்த அமர்வு, மனித உழைப்பு முழுவதையும் அளக்கும் அலகாக மாறிவிட்டது.

அசையாமல் கிடப்பதன் விலை எவ்வளவு என்பதும் அதே பத்தாண்டில் துல்லியமாகத் தெரியவந்தது. 1966-இல் டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரில் பெங்ட் சால்ட்டினும் அவருடைய குழுவினரும், நல்ல உடல்நலம் கொண்ட 20 வயது இளைஞர் ஐவரை ஏறத்தாழ மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்தனர். அவர்களது உடல் அதிகபட்சமாக ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் 28 விழுக்காடு வீழ்ந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே ஐவரையும் மறுபடி சோதித்தபோது, முப்பதாண்டு மூப்பு அவர்களுடைய திறனைக் குறைத்ததைக் காட்டிலும் அந்த மூன்று வாரப் படுக்கை அதிகம் குறைத்திருந்தது புலப்பட்டது. திடமான இளைஞர்களுக்கே இந்த நிலை என்றால், நோயுற்ற முதியவர் படுக்கையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் எத்தனை பெரிய இழப்பு என்பதை விளக்கத் தேவையில்லை.

முதியோரின் பயிற்சிக்கூடம்

இதய நோயாளிகளிடம் தொடங்கிய மாற்றம் முதியோரிடம் பரவியபோதுதான் நாற்காலிப் பயிற்சி தனக்கே உரிய வடிவத்தைப் பெற்றது. தொண்ணூறு வயதில் தசை மெலிவது இயற்கை, அதைத் திருத்த இயலாது என்ற நம்பிக்கையை மரியா ஃபியாட்டரோன் தலைமையில் பாஸ்டனில் நடந்து 1990-இல் வெளியான ஆய்வு தகர்த்தது. முதியோர் காப்பகம் ஒன்றில் வசித்த, சராசரியாக 90 வயதுடைய 10 பேர் எட்டு வாரம் அமர்ந்த நிலையில் எடைக்கு எதிராக முழங்காலை நீட்டிப் பயின்றனர். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது; தொடைத் தசையின் பரப்பு 9 விழுக்காடு கூடியது; இருவர் கைத்தடியைத் துறந்து நடந்தனர். மென்மையாகத் தொடங்கும் பயிற்சி என்றைக்கும் மென்மையாகவே நின்றுவிட வேண்டியதில்லை, தக்க மேற்பார்வையில் படிப்படியாக வலுவூட்டும் பயிற்சியாக வளரலாம் என்பது இதனால் நிறுவப்பட்டது.

நாற்காலியிலிருந்து எழும் செயலே முதியோரின் உடல்நிலையைக் கணிக்கும் சோதனையாகவும் அமைந்தது. 1991-இல் டயேன் போட்சியாட்லோவும் சான்ட்ரா ரிச்சர்ட்சனும் வெளியிட்ட சோதனையில், முதியவர் கைவைத்த நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து மறுபடி உட்காருவதற்கு ஆகும் நேரம் கணக்கிடப்படுகிறது. கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து அமர முடிகிறது என்று எண்ணும் சோதனையும் பரவலாக வழங்குகிறது. பிறர் உதவியின்றி எழ முடிவதே தனித்து வாழும் திறனின் அடையாளம் என்பதால், இந்த எளிய அளவீடுகள் விழுந்து அடிபடும் ஆபத்தை ஓரளவு முன்னுணர்த்துகின்றன.

யோகாசன மரபிலும் இதற்கு இணையான ஒரு நகர்வு நிகழ்ந்தது. சென்னையில் பல்லாண்டு வாழ்ந்து 1989-இல் மறைந்த கிருஷ்ணமாச்சாரியார், பயிற்சியை மாணவரின் வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்ப மாற்றித் தர வேண்டும் என்பதைத் தம் கற்பித்தலின் அடிப்படையாகக் கொண்டவர். அவருடைய மகன் தேசிகாச்சார் 1976-இல் சென்னையில் தொடங்கிய யோக மந்திரம் அந்தக் கொள்கையைத் தொடர்ந்தது. கிருஷ்ணமாச்சாரியாரிடம் பயின்று புனேயில் குடியமர்ந்த பி.கே.எஸ். ஐயங்கார், நாற்காலி, மரக்கட்டை, வார்ப்பட்டை முதலியவற்றைத் துணைக்கருவிகளாகக் கொண்டு, நோயுற்றவர்களும் ஆசனங்களின் பயனை அடையும்படி செய்தார். பாஸ்டன் மருத்துவர்களின் வழிக்கும் இதற்கும் நேர்த்தொடர்பு இல்லை. ஆயினும் உடலை முறைக்குப் பொருத்தாமல் முறையை உடலுக்குப் பொருத்தும் அறிவு இரண்டுக்கும் பொதுவானது.

பயிற்சியின் உள்ளமைப்பு

இன்று வழக்கில் உள்ள நாற்காலிப் பயிற்சியின் ஒவ்வொரு பகுதியிலும் மேற்கூறிய வரலாற்றின் பாடங்கள் பொதிந்திருக்கின்றன. சக்கரமில்லாத, உறுதியான நாற்காலி சுவரோரமாகப் போடப்படுகிறது. பாதங்கள் தரையில் முழுமையாகப் படியும் உயரமே ஏற்றது. முதலில் குதிகாலையும் விரல்நுனியையும் மாறி மாறித் தூக்கும் பயிற்சி தரப்படுகிறது. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் காலின் சிரைகளில் தேங்கிய ரத்தம் மேல்நோக்கித் தள்ளப்படுவதால், உறைவுக் கட்டி உண்டாகும் வாய்ப்பு குறைகிறது. அடுத்து ஒவ்வொரு காலாக நீட்டிச் சில விநாடிகள் நிறுத்துவது தொடையின் முன்தசையை வலுப்படுத்துகிறது. எழுந்து நிற்பதற்குத் தேவையான ஆற்றலின் பெரும்பங்கை அளிப்பது அந்தத் தசையே. அமர்ந்தபடி முழங்கால்களை உயர்த்தி நடைபோடுவது இடுப்பையும், தோள்களைச் சுழற்றுவதும் கைகளை உயர்த்துவதும் மேலுடலையும் தளர்த்துகின்றன.

எழுந்து நிற்கும் பயிற்சி கடைசியில் வருகிறது. இருக்கையின் முன்விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டு, மூக்கு கால்விரல்களுக்கு நேராக வருமளவு முன்சாய்ந்து, பிறகு கைப்பிடியை அழுத்தி எழ வேண்டும். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெல்ல இறங்க வேண்டும். எழும்போது மூச்சை அடக்காமல் வெளிவிட வேண்டும் என்று வற்புறுத்தப்படுவதற்குக் காரணம், பெட்பேன் ஆய்வுக்காலத்திலேயே அஞ்சப்பட்ட அந்த முக்கலே. பயிற்சியின்போது இயல்பாகப் பேச முடிவது உழைப்பு அளவுக்குள் இருப்பதைக் காட்டும். மார்பு வலி, தலைச்சுற்றல், மிகுந்த மூச்சிரைப்பு ஆகியவை தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும். மாரடைப்போ அறுவை சிகிச்சையோ நேர்ந்தவர் தம் மருத்துவரின் அறிவுரையோடுதான் பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

அளவின் பாடம்

படுக்கை தீது என்று தெரிந்ததும், எவ்வளவு விரைவாக எழுப்புகிறோமோ அவ்வளவு நல்லது என்ற எதிர்முனைக்குச் செல்லும் ஆசையும் எழுந்தது. 2009-இல் வெளியான, அமெரிக்காவின் இரு மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சைப் பிரிவின் 104 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, செயற்கைச் சுவாசத்தில் இருக்கும்போதே பயிற்சியைத் தொடங்கியவர்களில் 59 விழுக்காட்டினர் வீடு திரும்பும் வேளையில் தம் காரியங்களைத் தாமே செய்துகொள்ளும் நிலையை எட்டியதாகக் காட்டியது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களிடம் அது 35 விழுக்காடே. ஆனால் பக்கவாத நோயாளிகள் 2,104 பேரிடம் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வில், முதல் 24 மணி நேரத்துக்குள் அடிக்கடியும் நெடுநேரமும் எழுப்பிப் பயிற்றப்பட்டவர்களுக்கு மற்றவர்களைவிடச் சற்றுக் குறைவான நன்மையே கிட்டியது. ஆகவே இயக்கமும் ஒரு மருந்துதான். அதற்கும் நோய்க்கு ஏற்ற வேளையும் அளவும் உண்டு.

அதுபோலவே நாற்காலியும் முடிவான இருப்பிடம் ஆகாது. லண்டன் மாடிப் பேருந்துகளில் நாள் முழுதும் அமர்ந்தே பணிபுரிந்த ஓட்டுநர்களுக்கு, படிகளில் ஏறி இறங்கிய நடத்துநர்களைவிட இதய நோய் மிகுதியாக இருந்ததை 1953-இல் ஜெர்ரி மாரிஸ் வெளிக்கொணர்ந்தார். படுத்திருப்பவருக்கு முன்னேற்றமாக அமையும் அதே நாற்காலி, நடக்க வல்லவருக்குப் பின்னடைவாக முடியும். லெவைனும் லவுனும் வெங்கரும் நாற்காலியை ஒரு படியாகவே கருதினர். நோயாளி அதில் ஏறி நின்று அடுத்த படிக்குக் கால் எடுத்து வைக்க வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம்.

வீடுகளில் இன்றும், மருத்துவமனையிலிருந்து திரும்பிய பெரியவரைக் கட்டிலைவிட்டு இறங்கவிடாமல், தண்ணீரும் சோறும் கைக்கே கொண்டுவந்து கொடுத்துப் பார்த்துக்கொள்வதே அன்பின் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. அந்த அன்பில் குறையில்லை; ஆனால் ஒரு நூற்றாண்டு மருத்துவர்களைத் தவறான வழியில் நிறுத்திய அச்சம் அதிலும் கலந்திருக்கிறது. அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து நல்ல நாற்காலியில் அமர்த்தி, மருத்துவர் காட்டித்தந்த பயிற்சிகளை அருகிலிருந்து செய்விப்பதும், நாளடைவில் அவரே எழுந்து தம் தண்ணீரைத் தாமே எடுத்துக் குடிக்கும் நிலைக்குக் கொண்டுவருவதும் அதைவிடப் பெரிய பராமரிப்பு என்பதை இந்த வரலாறு தெளிவாகக் கூறுகிறது.